விளையாட்டு மருத்துவத்தில் முதற்படி

நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தைப் புரட்டுகிறோம். வென்றவர் யார், தோற்றவர் யார், எத்தனை கோல்கள், எத்தனை ஓட்டங்கள் என்பன எல்லாம் அங்கே இருக்கின்றன. ஆட்டத்தின் நடுவே கணுக்கால் மடங்கி ஒருவன் விழுந்தானே, அவனிடம் முதலில் ஓடிச் சென்றவர் யார் என்பது மட்டும் இருப்பதில்லை. ஆயினும், அந்த முதற் சில நிமிடங்களில் செய்யப்பட்டது என்ன, செய்யாமல் விடப்பட்டது என்ன என்பதைப் பொறுத்தே அவன் விரைவில் மீண்டும் ஓடுவதும், காலமெல்லாம் நொண்டுவதும் பல வேளைகளில் அமைகின்றன. சில வேளைகளில் உயிரே அதைப் பொறுத்து நிற்கிறது.

அப்படி ஓடிச் செல்லும் கைகளை உருவாக்குவது எப்படி? அமெரிக்க நாட்டின் சமுதாயக் கல்லூரிகள் இப்பணியின் தொடக்க நிலைகளுக்கு இளைஞர்களை எவ்வாறு ஆயத்தம் செய்கின்றன என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். அப்பயிற்சி எங்கே சிறக்கிறது என்பதோடு, எங்கே மாணவனை ஏமாற்றத்தில் கொண்டு விடுகிறது என்பதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

சமுதாயக் கல்லூரி

முதலில் இக்கல்லூரிகளைப் பற்றிச் சில சொற்கள். 1901ஆம் ஆண்டில் இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில், ஓர் உயர்நிலைப் பள்ளியின் தொடர்ச்சியாக ஆறே மாணவர்களுடன் தொடங்கிய கல்லூரியே அங்குள்ள பொதுச் சமுதாயக் கல்லூரிகளுள் மூத்தது எனக் கூறுவர். கட்டணம் குறைவு, பள்ளிப் படிப்பை முடித்த எவருக்கும் பொதுவாக இடம் உண்டு, படிப்பு இரண்டு ஆண்டு. பகலில் கடையில் வேலை பார்த்துவிட்டு மாலையில் வகுப்புக்கு வருபவர்களும், தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதிப்பவர்களும் அங்கே ஏராளம். கலிபோர்னியா மாநிலத்தில் மட்டும் இத்தகைய அரசுக் கல்லூரிகள் 116 உள்ளன. இக்கருத்து நம் பக்கத்திற்கும் புதிதன்று. 1995இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகமும், அடுத்த ஆண்டில் சென்னையும் இதே பெயரில் கல்லூரிகளைக் கண்டன.

இரண்டாண்டு முடிவில் மாணவன் முன் இரு வழிகள் உண்டு. ஒன்று, நேரே வேலைக்குச் செல்வது. மற்றொன்று, பெற்ற பாட மதிப்புகளோடு நான்காண்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் மூன்றாம் ஆண்டில் சேர்வது. விளையாட்டு மருத்துவம் பயில வருவோர் இவ்விரு வழிகளுள் எது தம் வழி என்பதை அறியாமலேயே பெரும்பாலும் வருகிறார்கள். சிக்கல் அங்கேதான் முளைக்கிறது. அதைப் பின்னர்க் காண்போம்.

தேய்ப்பவர் முதல் வல்லுநர் வரை

விளையாட்டு மருத்துவம் என்றதும் எலும்பு முறிவு அறுவை செய்யும் மருத்துவரே நம் நினைவுக்கு வருகிறார். ஆனால் அவர் ஆடுகளத்தில் இருப்பதில்லை. களத்தோரம் இருப்பவரை அமெரிக்கர்கள் ‘அத்லெடிக் டிரெயினர்’ என அழைப்பர். பெயரைத் தமிழில் அப்படியே மாற்றினால் தடகளப் பயிற்சியாளர் என்று பொருள் மாறிவிடும். அவர் ஓடக் கற்றுத் தருபவர் அல்லர். காயம் வராமல் தடுப்பதும், வந்தால் முதலில் கவனிப்பதும், ஆறிய பின் உடலை மீண்டும் ஆட்டத்திற்குத் தகுதியாக்குவதும் அவர் தொழில்.

தொடக்க காலத்தில் இவர்களுக்கு ‘ரப்பர்’ என்றே பெயர், அதாவது தேய்த்துவிடுபவர். எண்ணெயும் கைப்பக்குவமுமே அவர்கள் மூலதனம். நம் ஊர்களில் சுளுக்கு வழிக்கும் பெரியவர்களை எண்ணிக்கொண்டால் போதும். 1917இல் எஸ். இ. பிலிக் என்ற மருத்துவர் இத்துறைக்கென ஒரு கையேட்டை வெளியிட்டார். 1950இல் கான்சாஸ் நகரில் இவர்களுக்கெனத் தேசியச் சங்கம் ஒன்று எழுந்தது. 1970இல் முதல் தகுதித் தேர்வு நடந்தது. 1990இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் இதனை மருத்துவம் சார்ந்த தனித் தொழிலாக ஏற்றுக்கொண்டது. எண்ணெய்க் கிண்ணத்திலிருந்து இவ்விடம் வந்து சேர ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆயிற்று.

மேசைமேல் ஒரு கணுக்கால்

சமுதாயக் கல்லூரியில் இப்பாடத்தை எடுத்த மாணவனுக்கு வகுப்பறையில் உடற்கூறு, உடலியங்கியல், அசைவியல், உணவியல், முதலுதவி ஆகியவை கற்பிக்கப்படுகின்றன. இவற்றுள் உடற்கூறே பலரை வடிகட்டிவிடும் பாடம். எனினும், உண்மையான கல்வி நடைபெறுவது கல்லூரி அணிகளுக்கெனப் பிற்பகலில் திறக்கப்படும் சிகிச்சை அறையில்தான். உயரமான மேசைகள், பனிக்கட்டி இயந்திரம், அடுக்கிய டேப் சுருள்கள், வெந்நீர்த் தொட்டி. இவற்றிடையே, தகுதி பெற்ற அத்லெடிக் டிரெயினரின் கண்பார்வையில் மாணவன் உதவியாளனாக நிற்கிறான்.

அவன் முதலில் கற்கும் கைவேலை, கணுக்காலுக்கு டேப் கட்டுதல். எளிதாகத் தோன்றும், எளிதன்று. கணுக்கால் சுளுக்குகளில் மிகப் பெரும்பாலானவை பாதம் உட்புறமாக மடங்குவதால், வெளிப்புறத்து இணைப்பு நார்கள் இழுபட்டு உண்டாகின்றன. எனவே டேப்பின் வேலை, பாதம் உட்புறம் மடங்காமல் பிடித்து நிறுத்துவது. ஆட்டக்காரன் மேசையில் அமர்ந்து பாதத்தைச் செங்குத்தாக, 90 பாகையில் வைத்திருக்க வேண்டும். மெல்லிய நுரைச் சுற்றை முதலில் இடுகிறார்கள். அதன்மேல், கெண்டைக்காலின் கீழ்ப்பகுதியில் நங்கூரம்போல் ஒரு பட்டை. பின்னர், உட்புறத்திலிருந்து குதிகாலுக்கு அடியில் சென்று வெளிப்புறமாக மேலே இழுக்கப்படும் பட்டைகள். குதிரையின் அங்கவடிபோல் அமைவதால் அவற்றுக்கு அப்பெயரே வழங்குகிறது. இறுதியில் எட்டு வடிவச் சுற்றும், குதிகாலைப் பூட்டும் சுற்றும்.

ஒரு சுருக்கம் விழுந்தால் அவ்விடத்தில் கொப்புளம் உறுதி. இறுக்கிக் கட்டினால் இரத்த ஓட்டம் தடைப்படும். ஆகவே முடித்ததும் கால்விரல் நகத்தை அழுத்திவிட்டு, வெளுத்த நிறம் உடனே சிவக்கிறதா எனப் பார்க்க வேண்டும். இவ்வளவும் இரண்டு மூன்று நிமிடத்திற்குள்! ஏனெனில் வாயிலில் இன்னும் முப்பது பேர் காத்திருப்பர். ஒரு பருவம் முழுதும் தோழர்களின் கால்களில் கட்டிக் கட்டித்தான் கை பழகுகிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், இத்துணைப் பாடுபட்டுக் கட்டிய டேப், ஆட்டம் தொடங்கி அரைமணிக்குள் தன் இறுக்கத்தில் பெரும்பகுதியை இழந்துவிடுகிறது. அதனால்தான் நல்ல ஆசிரியர்கள், டேப்பை நம்புவதைவிட, ஒற்றைக் காலில் நின்று சமநிலை காக்கும் பயிற்சியை ஆட்டக்காரனுக்குச் சொல்லிக் கொடுக்கும்படி மாணவனைத் தூண்டுகிறார்கள்.

கற்றது மாறும் என்பதையும் இவ்வறையே கற்பிக்கிறது. ஓய்வு, பனிக்கட்டி, அழுத்தக் கட்டு, உயர்த்தி வைத்தல் என்னும் நான்கும் சுளுக்குக்கு வேதவாக்காக இருந்தன. 1978இல் கேப் மிர்கின் என்னும் மருத்துவர் தம் நூலில் அந்நான்கின் முதலெழுத்துகளைச் சேர்த்து இதற்குப் பெயரும் இட்டார். பனிக்கட்டியும் முழு ஓய்வும் ஆறுதலைத் தாமதப்படுத்தக்கூடும் எனப் பிற்காலத்தில் அவரே எழுதினார்! வலி தணியப் பனிக்கட்டியை இன்றும் வைக்கிறார்கள். ஆனால் நாட்கணக்கில் அசையாமல் படுக்கச் சொல்வதில்லை. தாங்கும் அளவுக்கு விரைவிலேயே நடக்கச் சொல்கிறார்கள்.

கை நிற்க வேண்டிய இடம்

உதவியாளனுக்குக் கற்பிக்க வேண்டியவற்றுள் மிகவும் அரியது எது? செய்யக் கூடாதது எது என்பதே என்பேன்.

காயத்தைப் பார்த்து இன்னதென்று முடிவு கூறுதல் அவன் வேலையன்று. ‘நீ ஆடலாம்’ என அனுப்புவது நிச்சயமாக அவன் வேலையன்று. மின்சிகிச்சைக் கருவிகளைத் தானாக இயக்குதல் கூடாது. மாத்திரை கொடுத்தல் கூடாது. அவன் கவனிக்கலாம், அறிவிக்கலாம், சொன்னதைச் செய்யலாம். விழுந்தவன் நான்கு அடி எடுத்து வைக்க முடியாமல் தவித்தால், அல்லது கணுக்காலின் எலும்பு முனையைத் தொட்டால் துடித்தால், அதைச் சுளுக்கு எனத் தள்ளாமல் எக்ஸ்-கதிர்ப் படம் எடுக்க அனுப்ப வேண்டும் என்பது 1992இல் கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் வகுத்த விதி. இவ்விதி மாணவனுக்கும் தெரிந்திருப்பது நன்று. ஆனால் அதைக் கொண்டு முடிவெடுப்பவர் அவனுக்கு மேலே இருப்பவர்.

இத்தடை ஏன் இவ்வளவு கடுமையாக இருக்கிறது என்பதற்கு ஒரு நிகழ்ச்சி சான்று. 2006இல் வாஷிங்டன் மாநிலத்தில் 13 வயதுச் சிறுவன் ஒருவன் அமெரிக்கக் கால்பந்தாட்டத்தில் தலையில் அடிபட்டான். சிறிது நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு அதே ஆட்டத்தில் மீண்டும் இறங்கினான். ஆட்ட முடிவில் மூளையில் இரத்தக் கசிவு ஏற்பட்டு வீழ்ந்தான். உயிர் பிழைத்தானாயினும், பேசவும் நடக்கவும் புதிதாகக் கற்க வேண்டியவனானான். சாக்கரி லிஸ்டெட் என்னும் அவன் பெயரிலேயே 2009இல் அம்மாநிலம் சட்டம் இயற்றியது. மூளை அதிர்ச்சி ஏற்பட்டதோ என ஐயம் எழுந்தாலே ஆட்டக்காரனை வெளியேற்ற வேண்டும். பயிற்சி பெற்ற மருத்துவத் துறையினர் எழுத்தில் இசைவு தரும்வரை அவன் திரும்பக் கூடாது. 2014க்குள் ஐம்பது மாநிலங்களும் இத்தகைய சட்டங்களைக் கொண்டுவிட்டன.

அணியின் பயிற்சியாளர் அவசரப்படுவார், ஆட்டக்காரனே கெஞ்சுவான், அவன் உதவியாளனின் நண்பனாகவும் இருப்பான். பத்தொன்பது வயதில் அத்தனை பேர்க்கும் எதிரே நின்று ‘என்னால் சொல்ல இயலாது, டிரெயினரைக் கேளுங்கள்’ என்பது எளிதா? எளிதன்று. ஆகவே வகுப்பில் ஒருவர் பயிற்சியாளராகவும் ஒருவர் ஆட்டக்காரராகவும் நடித்துக்காட்டி இதைப் பழக்கும் ஆசிரியர்கள் உண்டு. நாடகம்போல் தோன்றினும் பயனுள்ள முறை.

நாவடக்கமும் இதில் அடங்கும். நட்சத்திர ஆட்டக்காரனின் முழங்காலில் நார் கிழிந்துவிட்டது என்ற செய்தி சிற்றுண்டிச் சாலைக்குப் போகக் கூடாது. 1974ஆம் ஆண்டின் கல்விப் பதிவுச் சட்டமும், 1996ஆம் ஆண்டின் நலக் காப்பீட்டுச் சட்டமும் இத்தகைய செய்திகளுக்குக் காவல் இட்டுள்ளன.

முதலில் குளிர்வி, பின்னர் அனுப்பு

உதவியாளன் தானாக முடிவெடுக்கலாகாது என்றோம். ஆயின் அவன் வெறும் எடுபிடியா? அதுவும் அன்று. வெயிலில் ஓடுபவன் மயங்கி விழும்போது இதன் விடை தெளிவாகிறது.

கடும் உழைப்பால் உடலின் உள்வெப்பம் 40 பாகை செல்சியசைத் தாண்டி, அறிவும் தடுமாறத் தொடங்கினால் அது வெப்பத் தாக்கு. அரைமணி நேரத்துக்குள் உடலைக் குளிர்வித்தால் பெரும்பாலும் பிழைப்பு. தவறினால் ஈரலும் சிறுநீரகமும் மூளையும் கெடும். அக்குள் வெப்பமானியும் நெற்றி வெப்பமானியும் இங்கே பொய் சொல்லும். மலக்குடல் வெப்பநிலை ஒன்றே நம்பத்தக்கது. கண்டறிந்தவுடன் கழுத்துவரை பனிநீர்த் தொட்டியில் அமிழ்த்தி, நீரைக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஆம்புலன்சு வந்துவிட்டாலும், குளிர்வித்த பின்னரே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்பது இன்றைய கொள்கை.

மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் பால்மவுத் நகரில் ஆண்டுதோறும் ஆகஸ்டு வெயிலில் ஏழு மைல் ஓட்டப் பந்தயம் ஒன்று நடைபெறுகிறது. அங்கே 18 ஆண்டுப் பதிவுகளை ஆராய்ந்து 2015இல் ஒரு கட்டுரை வெளியாயிற்று. வெப்பத் தாக்குக்கு ஆளானோர் 274 பேர். அவர்களின் சராசரி உள்வெப்பம் 41.4 பாகை. பனிநீரில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 0.22 பாகை வீதம் அது இறங்கியது. இறந்தவர் எத்தனை பேர்? ஒருவரும் இல்லை!

இதற்கு நேர்மாறான செய்தியும் உண்டு. 2018 மே 29 அன்று மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தில் ஓட்டப் பயிற்சியின்போது ஜோர்டன் மக்னேர் என்னும் 19 வயது ஆட்டக்காரன் வெப்பத் தாக்கால் தளர்ந்தான். பனிநீரில் அமிழ்த்தும் சிகிச்சை அவனுக்கு அளிக்கப்படவில்லை. ஜூன் 13இல் அவன் இறந்தான். பல்கலைக்கழகம் தன் பொறுப்பை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. செல்வமும் வல்லுநர்களும் நிறைந்த இடத்தில் நிகழ்ந்தது இது.

இங்கேதான் உதவியாளனின் இடம் விளங்கும். பயிற்சி தொடங்குமுன்பே தொட்டியில் நீர் நிறைத்துப் பனிக்கட்டியைப் பக்கத்தில் வைப்பவன் அவன். தொட்டி இல்லாத மைதானமா? ஒரு தார்ப்பாய் போதும். நோயாளியை அதன் நடுவில் கிடத்தி, ஓரங்களைப் பலர் தூக்கிப் பிடித்து, பனிநீரை ஊற்றி அசைத்துக்கொண்டிருக்கும் முறையும் கற்பிக்கப்படுகிறது. நம் மைதானங்களுக்கும் எட்டாத செலவன்று இது. ஆம்புலன்சு எந்த வாயில் வழியாக வரும்? அவ்வாயிலின் சாவி யாரிடம் இருக்கிறது? இதய மின்னதிர்ச்சிக் கருவி எச்சுவரில் தொங்குகிறது? தொலைபேசியில் அழைப்பவர் யார்? சாலையில் நின்று வழிகாட்டுபவர் யார்? ஒவ்வொரு மைதானத்திற்கும் இவற்றை எழுதி வைத்து, ஒத்திகை பார்க்கிறார்கள்.

2023 ஜனவரி 2ஆம் நாள் சின்சினாட்டி நகரில் டாமர் ஹாம்லின் என்னும் ஆட்டக்காரரின் இதயம் களத்திலேயே நின்றபோது, அணியின் துணை டிரெயினர் டென்னி கெல்லிங்டன் உடனே நெஞ்சை அழுத்தி உயிர்மீட்பில் இறங்கினார். ஹாம்லின் பிழைத்ததோடு, அவ்வாண்டிலேயே மீண்டும் ஆடவும் தொடங்கினார். அந்தக் களத்தில் மருத்துவர் பலர் இருந்தனர். சமுதாயக் கல்லூரி ஆட்டத்திலோ ஒரு டிரெயினரும் இரண்டு மாணவர்களும் மட்டுமே இருக்கக்கூடும்.

ஏணி உயர்ந்த கதை

இனி, மாணவர்கள் கேட்கும் கேள்விக்கு வருவோம்: படித்து முடித்தால் என்ன வேலை?

விளம்பரத் தாள்களில் ஓடும் அத்லெடிக் டிரெயினரின் படத்தைப் பார்த்துவிட்டுச் சேர்பவர் பலர். அந்த வேலை இரண்டாண்டுப் படிப்பால் கிட்டாது. ஒரு காலத்தில், பட்டப் படிப்போடு 1500 மணி நேரம் மூத்தவரிடம் பணிபுரிந்து தேர்வு எழுதும் வழி ஒன்று இருந்தது. கையால் கற்றோர்க்கு அது உகந்த வழி. 2004இல் அது மூடப்பட்டது. 2015இல் முதுகலைப் பட்டமே நுழைவுத் தகுதி என முடிவு செய்யப்பட்டது. 2022க்குப் பின் இளங்கலை நிலையில் இத்தொழிற்கல்விக்குப் புதிய மாணவர் சேர்க்கை இல்லை. ஆகச் சமுதாயக் கல்லூரியில் இரண்டு, பல்கலைக்கழகத்தில் இரண்டு, முதுகலை இரண்டு என ஆறாண்டுகள். கல்வியின் தரம் இதனால் உயர்ந்திருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் கடன் வாங்கிப் படிக்கும் வீட்டுப் பிள்ளைக்கு ஈராண்டு கூடுதல் என்பது சிறு செய்தியன்று. இதைச் சேர்க்கை நாளன்றே சொல்லாத கல்லூரி தன் மாணவனுக்குத் தீங்கு செய்கிறது என்பதே என் கருத்து.

இரண்டாண்டுக்குள் திறக்கும் கதவுகளும் உள்ளன. இயன்முறை மருத்துவ நிலையத்தில் உதவியாளராகச் சேரலாம். இதற்குப் பட்டம் வேண்டியதில்லை. மேசை துடைத்தல், கருவிகளை எடுத்து வைத்தல், நோயாளியை அழைத்து வருதல் ஆகியவையே வேலை, ஊதியம் குறைவு. அதற்கு மேற்படி, இயன்முறை மருத்துவத் துணைவர் பணி. இதற்கு ஏற்பளிக்கப்பட்ட இரண்டாண்டுப் படிப்பும் தேசியத் தேர்வும் வேண்டும்; ஊதியம் முன்னதைப்போல் ஏறக்குறைய இருமடங்கு. 1969இல் இத்துணைவர்களின் முதல் அணி வெளிவந்தது மயாமியிலும் மினியாபோலிசிலும் இருந்த இரண்டு ஈராண்டுக் கல்லூரிகளிலிருந்துதான் என்பது இங்கே நினைவுகூரத் தக்கது. ஆனால் இடங்கள் குறைவு. உடற்கூற்றிலும் உடலியங்கியலிலும் உயர்ந்த மதிப்பெண் இல்லாதவர் உள்ளே நுழைவது கடினம். பெயர்கள் ஒன்றுபோல் ஒலிப்பதால் ‘உதவியாளர்’ சான்றிதழைப் பெற்றுவிட்டுத் ‘துணைவர்’ ஆகிவிட்டதாக எண்ணுவோரும் உண்டு!

அவசர மருத்துவ ஊழியர் பயிற்சி மற்றொரு வழி. கலிபோர்னியாவில் அதற்குக் குறைந்தது 170 மணி நேரம். ஒரே பருவத்தில் முடித்து ஆம்புலன்சில் ஏறிவிடலாம். அவ்வருவாயில் மேற்படிப்பைத் தொடர்பவர் பலர். உடற்பயிற்சிக் கூடங்களில் பயிற்றுநராகவும் சேரலாம். அதற்கான சான்றிதழ்களை வழங்கும் அமைப்புகள் பல. எல்லாம் ஒரே தரமுடையவை அல்ல.

மேலே செல்ல விரும்புவோர் பாட மதிப்புகளில் விழிப்பாக இருத்தல் வேண்டும். டேப் கட்டும் வகுப்பின் மதிப்பைப் பல்கலைக்கழகம் ஏற்காமல் போகலாம். ஆய்வுக்கூடத்துடன் கூடிய உடற்கூறு, உடலியங்கியல், வேதியியல், புள்ளியியல் ஆகியவற்றைப் பெரும்பாலும் ஏற்கும். இடையில் வேலைக்குப் போய்ப் பல ஆண்டுகள் கழித்துத் திரும்பினால், பழைய அறிவியல் பாடங்களை மீண்டும் எழுதச் சொல்லும் துறைகளும் உள்ளன. எனவே முதற்பருவத்தின் முதல் வாரத்திலேயே, தான் சேர எண்ணும் பல்கலைக்கழகத்தின் பாடப் பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு மாணவன் கல்லூரி ஆலோசகர் அறைக்குச் செல்ல வேண்டும். சிகிச்சை அறைக்கு அதன் பிறகு செல்லலாம்.